ஃபேன் இறக்கையில் இல்லாத பெயர்

"சபைக்குள்ள கூலி பேசக்கூடாது." நாகர்கோவில் பக்கத்துத் திருச்சபைகளில் இது எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். எழுதி வைத்த சட்டங்களை மீறியவர்கள் உண்டு. இதை மீறியவரை நான் பார்த்ததில்லை. சபையார் வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டிய வயர்மேன் காசு கேட்கக்கூடாது. பாடகர் குழுவுக்கு அங்கி தைத்த சித்தி நூல் காசைக்கூடச் சொல்லக்கூடாது. கீபோர்டு வாசிக்கிற பையன் பஸ் காசுக்கு வாய் திறக்கக்கூடாது. கேட்டால், விசுவாசத்தில் பின்வாங்கிப் போனார் என்று பொருள். இதை அன்பு என்கிறார்கள். நான் வரி என்கிறேன். அதுவும் கைத்தொழில்காரர் தலையில் மட்டும் விழுகிற வரி.

அவர்கள் தரப்பை அதன் முழு வலுவோடே சொல்லிவிடுகிறேன். சபை ஒரு குடும்பம். அண்ணன் வீட்டுக் குழாயைச் சரிசெய்த தம்பி பில் நீட்டுவானா? கடவுள் தந்த தாலந்தை அவர் பிள்ளைகளுக்கே விற்கலாமா? விலையின்றிப் பெற்றதை விலையின்றியே கொடுக்கச் சொல்லித்தானே இயேசு சீடர்களை அனுப்பினார்? பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தாரே, கொரிந்து சபையிடம் கை நீட்டினாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் கூப்பிடக் காசில்லாத விதவையின் ஓட்டுக்கூரையை யார் மாற்றுவது? வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடி அரிசியைச் சேர்த்து எழுப்பிய கோயில்கள் இவை. கல்லும் மண்ணும் சுமந்த அந்தத் தலைமுறை கூலி பேசியிருந்தால், இன்றைக்கு மணி தொங்கவிடக் கோபுரமே இருந்திருக்காது.

இதில் பொய் எதுவும் இல்லை. இந்த உண்மைகளைக் கொண்டு போய் எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

1. எல்லாரிடமும் கேட்கிறார்களா?

சபைச் செயலர் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு பட்டியல் இருக்கும். வயர்மேன், பிளம்பர், பெயின்டர், ஆசாரி, தையல்காரி, டிரைவர், கம்ப்யூட்டர் தெரிந்த பையன், வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து ஊசி போடுகிற நர்ஸ். அதில் இல்லாதவர்களைப் பாருங்கள். அரிசி மொத்த வியாபாரி இல்லை. நகைக்கடைக்காரர் இல்லை. ரப்பர் தோட்டக்காரர் இல்லை. நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் இல்லை. "நாமெல்லாம் ஒரே சபைதானே பிரதர், ரெண்டு மாச வாடகையைத் தள்ளிவிடுங்க" என்று அவர் வாசலில் போய் யாரும் நின்றதாகக் கேள்விப்பட்டதில்லை.

அவர்களும் கொடுக்கிறார்களே என்பார்கள். கொடுக்கிறார்கள், ஆனால் அவர்கள் கொடுப்பதற்கு விலை தெரியும். ஒரு மூட்டை அரிசி இன்ன விலை என்று சபைக்கே தெரியும். ஆராதனையில் அறிவிப்பு வரும், கணக்கில் வரவு வைப்பார்கள். எங்கள் கோயிலில் 14 ஃபேன் ஓடுகிறது. ஒவ்வொன்றின் இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு பெயர், "நினைவாக" என்று ஒரு சொல், ஒரு தேதி. அந்த 14 ஃபேனையும் ஏணி போட்டு ஏறி மாட்டியவர் பெயர் எந்த இறக்கையிலும் இல்லை. ஃபேன் சுற்றும்போது பெயர் தெரியாது, நின்றால்தான் தெரியும். மாட்டியவரும் சபைக்கு நினைவில் வருவது அது நின்ற பிறகுதான்.

மாட்டியவர் என் அப்பா.

2. குடும்பம் என்றால் முழுக்கக் குடும்பமாக இருக்கட்டும்.

தம்பி அண்ணனிடம் பில் நீட்ட மாட்டான், சரி. அந்தத் தம்பி கீழே விழுந்தால் அவன் வீட்டு அடுப்பை அண்ணன் எரிய வைப்பான். குடும்பத்தில் கூலி இல்லாததற்குக் காரணம் அங்கே பங்கு இருப்பதுதான். பங்கைக் கழித்துவிட்டுக் கூலி இல்லாமையை மட்டும் குடும்பத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு.

ஒரு கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால், கோயில் முகப்பில் நட்சத்திரம் கட்ட ஏறிய அப்பா ஏணியோடு சரிந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. எட்டு வாரம் கையில் மாவுக்கட்டு. சபையார் வந்தார்கள். ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டிலைச் சுற்றி நின்று உருக்கமாக ஜெபித்தார்கள். ஜெபத்தில் குறை சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அந்த எட்டு வாரமும் வீட்டில் வரவு என்ன என்று ஒருவர் கேட்கவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல முடியாது. கூலி பேசாத இடத்தில் கூலி இழப்பையும் பேச வாய் வராது, அவ்வளவுதான். நட்சத்திரம் நேரத்துக்கு எரிந்தது. இன்னொரு வயர்மேன் கட்டினார். அவரும் சபையார்தான், அவருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை.

3. வேதம் அவர்கள் பக்கம் இல்லை.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது தாலந்து உவமை. தமிழ்ச் சபைகளில் தாலந்து என்றால் திறமை. "தாலந்துப் போட்டி" என்று பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டியே நடத்துகிறோம். மத்தேயு 25இல் அந்தச் சொல் குறிப்பது வெள்ளிப் பணத்தின் ஓர் எடையை. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரி. ஒரு தெனாரி என்பது, மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டக்காரர் பேசிக்கொள்கிற ஒரு நாள் கூலி. ஆக ஒரு தாலந்து என்பது கிட்டத்தட்ட 6,000 தினக்கூலி. கூலி கேட்காதே என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிற சொல்லை அளப்பதே கூலியைக் கொண்டுதான்.

விலையின்றிக் கொடுக்கச் சொன்ன இடம் மத்தேயு 10. எதைக் கொடுக்க? நோயைச் சுகமாக்குவது, குஷ்டரோகியைச் சுத்தமாக்குவது, மரித்தோரை எழுப்புவது, பேயைத் துரத்துவது. மோட்டாருக்குக் காயில் கட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. அங்கிருந்து இரண்டே வசனம் தள்ளி, வேலை செய்கிறவனுக்கு அவன் உணவு உரியது என்கிறார் அதே இயேசு. பிரசங்கம் எப்போதும் அந்த இரண்டு வசனத்துக்கு முன்னாலேயே ஆமென் சொல்லிவிடுகிறது.

அப்புறம் பவுல். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் என்கிறது அப்போஸ்தலர் 18. அந்தக் கையுழைப்பில் தன் செலவைப் பார்த்துக்கொண்டார். அப்படியானால் கூடாரத்தைக் காசுக்குத்தானே விற்றிருப்பார்? பிரசங்கம் இலவசம், கூடாரத்துக்குக் காசு: இதுதான் பவுலின் ஏற்பாடு. நம் சபைகளில் பிரசங்கத்துக்கு மாதச் சம்பளம் உண்டு, தங்க வீடு உண்டு, பயணப்படி உண்டு. கூடாரம் தைக்கிறவனிடம் இலவசம் கேட்கிறோம். போதகருக்குச் சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. பவுலை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், அவர் என் பக்கத்துச் சாட்சி.

இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒரு பகுதி 2 இராஜாக்கள் 12. யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்கிறார். அவருடைய 23ஆம் ஆண்டு வரை ஆசாரியர்கள் காணிக்கையை வாங்கிக்கொண்டார்களே தவிர, ஒரு பழுதையும் பார்க்கவில்லை. பிறகு யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறான். காணிக்கைப் பெட்டிக்கு ஆதாரமாக இந்தக் கதையை நான் எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறேன். பெட்டி நிறைந்ததும் என்ன நடந்தது என்பதைக் கேட்டதே இல்லை. பணத்தை எண்ணிப் பையில் கட்டி, தச்சருக்கும் கொத்தருக்கும் கல்வெட்டுகிறவர்களுக்கும் போய்ச் சேருகிற மாதிரி மேற்பார்வையாளர்கள் கையில் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணம் செய்யவில்லை என்று தனியாக ஒரு குறிப்பு வேறு. கர்த்தருடைய ஆலயத்தில், கர்த்தருடைய ஜனத்திலேயே ஒருவனான தச்சனுக்குக் கூலி. தாலந்தாகக் கொடு என்று யோய்தா அவனிடம் சொல்லவில்லை. நம் பெட்டியில் துளை மட்டும் யோய்தாவினுடையது.

உபாகமம் 24, பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. யாக்கோபு 5, நிறுத்தி வைத்த கூலி கூக்குரல் போடுகிறது என்கிறது. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

4. 'ஊழியம்' என்ற சொல்லை எங்கள் மாவட்டத்தில் இவ்வளவு லேசாகச் சொல்லலாமா?

"ஊழியமா நினைச்சு செய்யுங்க" என்பது வழக்கமான வாசகம். குமரி மண் திருவிதாங்கூராக இருந்த காலத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. நாடார்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிகளும் அரசுக்கும் கோயில்களுக்கும் சுமை தூக்க வேண்டும், கேட்ட பொருளைக் கொண்டு சேர்க்க வேண்டும். கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமையாவது ஊழியத்துக்கு இழுக்காதீர்கள் என்று மன்றாடினார்கள். மிஷனரிமார் அவர்களுக்காக மனு எழுதினார்கள். இன்றைக்கு அதே ஞாயிற்றுக்கிழமை, அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளை, அதே சொல்லால் கூப்பிடுகிறோம். சொல் பொருள் மாறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். வேலையும் மாறியிருந்தால் நன்றாக இருக்கும்.

அதே மிஷனில் நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னியதை விற்றார்கள், பின்னிய கைக்குக் காசு வந்தது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்தக் காசைக் கட்டியே விடுதலை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். அதற்கும் முன்னால் நடந்தது இது. தாலந்தாக நினைத்துப் பின்னுங்கள் என்று அந்த அம்மையார் சொல்லியிருந்தால், லேஸ் வந்திருக்கும். விடுதலை வந்திருக்காது.

5. கூலிக் கணக்கு வெள்ளைக்காரப் புத்தி, நம் மரபில் கோயில் வேலை இலவசம் என்று ஒரு குரல் அடிக்கடி கேட்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பார்க்கட்டும். ராஜராஜன் அங்கே வெட்டி வைத்திருப்பதில் நீளமான ஒரு சம்பளப் பட்டியலும் உண்டு. ஆடல் மகளிர் 400 பேர், ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் கல்லில் இருக்கிறது. கூடவே நட்டுவர், தையற்காரர், தச்சர், வண்ணார், நாவிதர் எல்லாருக்கும் பங்கு. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு சைவக் கோயில், வேலை செய்தவர் பெயரையும் கூலியையும் கல்லில் எழுதியது. நம் ஃபேன் இறக்கை கொடுத்தவர் பெயரோடு நின்றுகொண்டது. அப்பர் உழவாரம் ஏந்தினாரே என்றால், ஏந்தினார். புல் செதுக்குவது அவர் பிழைப்பு அல்ல.

6. இலவச வேலை யாருக்கும் நல்ல வேலை அல்ல.

பகலெல்லாம் கூலிக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் வெளிச்சத்தில் செய்கிற வேலை அது. ஒயர் போதவில்லை என்றால் வீட்டில் கிடந்த துண்டைச் சேர்த்து முறுக்குவார்கள். எர்த் கொடுப்பது அடுத்த வாரத்துக்குப் போகும். அடுத்த வாரம் ஆறு மாதமாகும். வீட்டுக்காரர் கேட்க முடியுமா? சும்மா செய்து கொடுத்தவரிடம் எந்த வாயால் கேட்பது? சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று தெரிந்தும், செருப்புப் போட்டுக்கொண்டு அழுத்தப் பழகிக்கொள்கிறார்கள். கூலி என்பது செய்தவனுக்கு மட்டும் உரிமை தருவதில்லை. "இது சரியில்லை, வந்து பார்" என்று சொல்லும் உரிமையைச் செய்வித்தவனுக்கும் தருகிறது. தொழிலை மதிக்கிறவன் முதலில் இழப்பது அதைத்தான்: திட்டு வாங்குகிற தகுதியை.

(இலவசமாகச் செய்தால் சபைக்குள் நாலு பேர் வேலைக்குக் கூப்பிடுவார்கள், அது விளம்பரம் மாதிரி என்றும் ஒரு சமாதானம் உண்டு. கூப்பிடுகிறார்கள். "சபை ரேட்" போடச் சொல்லத்தான்.)

7. விதவையின் கூரை.

இதுதான் அவர்களின் மிக வலுவான வாதம். ஆனால் இதில்தான் மிகப் பெரிய ஓட்டை. இலவசத்தை அனுபவிப்பவர் யார் என்று எங்கள் சபையில் எண்ணிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டு மோட்டார், கமிட்டி உறுப்பினர் வீட்டு இன்வெர்ட்டர், வெளிநாட்டிலிருந்து மகன் வந்திருக்கிற வீட்டின் ஏசி. உரிமையோடு போன் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் இலவசம் போய்ச் சேருகிறது. கடைசி பெஞ்சில் உட்காருகிற விதவைக்குப் போன் போடக் கூச்சம். இரண்டு மழைக்காலமாக அவர் வீட்டு ஓட்டுக்கடியில் அலுமினியப் பானை வைத்திருந்தார். அது யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது எங்கள் அப்பாதான் போனார், வேறு யாரும் சொல்லி அல்ல.

ஆதிச் சபையிலும் இதே சிக்கல் வந்தது. அன்றாடப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது, அப்போஸ்தலர் 6. அன்பு இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று அப்போஸ்தலர் சொல்லவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். அதாவது ஓர் ஏற்பாடு. சபை ஒரு நிதி வைக்கட்டும். விதவையின் கூரைக்குக் கொத்தனாரைச் சபை அனுப்பட்டும், சபை கூலி கொடுக்கட்டும். தலைமையாசிரியர் மோட்டாருக்குத் தலைமையாசிரியர் கொடுக்கட்டும். கொத்தனாரும் பிழைப்பார், கூரையும் ஒழுகாது, அரிசி வியாபாரியும் கடைசியில் பட்டியலுக்குள் வருவார்.

அப்படியானால் யாரும் எதையும் சும்மா செய்யவே கூடாதா என்பார்கள். செய்யலாம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் சபையே சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் போய்ப் பாருங்கள். ராத்திரி முழுக்க வெங்காயம் உரிக்க வக்கீலும் உட்காருவார், கொத்தனாரும் உட்காருவார். இருவருக்கும் ஒரே மாதிரி கண்ணீர். அங்கே யாரும் யாருடைய பிழைப்பையும் கேட்பதில்லை. கேட்பது ஒரு ராத்திரியை. அது எல்லாருக்கும் ஒரே நீளம். பிடி அரிசியும் அப்படித்தான்: எந்த வீட்டு அடுப்புக்கும் ஒரே பிடி. பழைய தலைமுறையின் தியாகம் என்று நம் ஆட்கள் காட்டுவதெல்லாம் இந்த வகை. அதைக் காட்டி வயர்மேனை மட்டும் கூப்பிடுகிறார்கள்.

தன் தொழிலையே கொடுக்க விரும்புகிறவர் இருந்தால், அதற்கும் வழி எளிது. முதலில் கூலியைப் பேசுங்கள். வேலை முடிந்ததும் கையில் கொடுங்கள். அவர் அதைப் பெட்டியில் போடட்டும், பாதியைப் போடட்டும், போடாமல் பிள்ளைக்குப் பீஸ் கட்டட்டும். வாங்க மறுப்பதும் அவர் இஷ்டம். விலை சொன்ன பிறகு கொடுத்தால்தான் அது காணிக்கை. மூட்டை அரிசிக்கு அந்த மரியாதை கிடைக்கிறதல்லவா?

இதை ஒரு தீர்மானமாக எழுதிப் போன வருடம் எங்கள் கமிட்டியில் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். நாலு கூட்டம் ஆகிவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிவில் வழக்கமான அறிவிப்பு வந்தது: கிறிஸ்துமஸ் அலங்கார வேலைகள் தொடங்குவதால், மின்பணி தெரிந்த சகோதரர்கள் சனிக்கிழமை மாலை கோயிலுக்கு வரவும்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தார். வயது 71. அந்த மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாது; ஸ்குரூவை முறுக்க இடது கையைத்தான் பயன்படுத்துவார்.

"உங்களுக்கே போகணும்னு தோணுதா, இல்ல அவங்க கூப்பிட்டதுனால போறீங்களா?" என்று கேட்டேன்.

"நீ எழுதுறத எழுது மக்கா," என்றார். "அந்த ஏணியை மட்டும் வாசல் வரைக்கும் ஒரு கை பிடி."

கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நான் ஏணியைப் பிடித்தேன்.